செனபோன் காட்டிய வழி

கிரேக்க நாட்டில் ஏதென்சு நகரத்துச் செனபோன், சாக்ரடீசின் மாணவர். கி.மு. 401இல் பாரசீகத்தில் தலைவர்களை இழந்து தவித்த கிரேக்கப் படையை மீட்டு வந்தவர்களுள் ஒருவர். பின்பு ஒலிம்பியாவை அடுத்த ஸ்கில்லஸ் என்னும் ஊரில் மைந்தரோடு வேட்டையாடி வாழ்ந்தார். குதிரையேற்றம் பற்றி நூலும் எழுதினார்.

குதிரைக்கும் வீரனுக்கும் வேட்டையே நல்ல பயிற்சி என்றார் அவர். ஆனால், பழகாத குதிரையைப் பள்ளம் தாண்டச் செய்ய, முதலில் ஆள் தாண்டிக் கயிற்றைப் பிடித்து அழைக்க வேண்டும். அது மிரளும் பொருளைத் தானே தொட்டுக் காட்ட வேண்டும். அடித்தால் அச்சம் வளரும். சினத்தோடு அணுகவே கூடாது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆய்வுக்கூடத்தில் பியூரெட்டைத் தொட முதல்நாள் கை நடுங்கியது. ஆசிரியர் கடிந்துகொள்ளவில்லை, தாமே பிடித்துக் காட்டிவிட்டு என் கையில் தந்தார். எனக்கு முன்னே பள்ளத்தைத் தாண்டி நின்றவர் அவர்!