சுடருக்கு வேலி போட்டவர்



சுரங்கத்துக்குள் விளக்கு இல்லாமல் வேலை செய்ய முடியாது. விளக்கைக் கொண்டு போனால் உயிரே போய்விடும் என்றால்? 200 ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் பட்ட பாடு இதுதான். நிலக்கரியின் இடுக்குகளிலிருந்து மீத்தேன் வாயு கசியும். சாண எரிவாயுவில் இருக்கிறதே, அதே வாயு! நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது காற்றோடு கலந்து நிற்கும்போது சிறு சுடர் பட்டாலும் வெடிக்கும். 1812, மே 25 அன்று ஃபெல்லிங் என்ற ஊரில் இப்படி வெடித்து, 92 பேர் இறந்தனர். அவர்களில் உங்கள் வயதுச் சிறுவர்களும் உண்டு.

இதற்கு வழி கண்டவர்தான் ஹம்ப்ரி டேவி. 1778ல் பென்சான்ஸ் என்ற ஊரில், மரச் செதுக்கு வேலை செய்தவரின் மகனாகப் பிறந்தார். தந்தை இறந்ததும், ஒரு மருத்துவரிடம் வேலை பழகச் சேர்ந்தார். வேதியியலைப் புத்தகம் படித்துத் தானே கற்றார். பயமே கிடையாது! வாயுக்களைத் தானே முகர்ந்து சோதிப்பார். ஒருமுறை கார்பன் மோனாக்சைடு கலந்த வாயுவை முகர்ந்து, பிழைத்ததே பெரிய காரியம். 1807ல் மின்சாரத்தைச் செலுத்தி பொட்டாசியத்தைப் பிரித்தெடுத்தபோது, அறைக்குள்ளேயே குதித்து ஆடினாராம்!

1815ல் சுரங்க விபத்துகளைத் தடுக்க உதவும்படி டேவியைக் கேட்டுக்கொண்டனர். அவர் சுரங்க வாயுவை வரவழைத்துச் சோதித்தார். மெல்லிய துவாரங்கள் வழியே நெருப்பு கடந்து போகவில்லை! உடனே, சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பி வலையால் கூடு அமைத்தார். ஓர் அங்குல நீளத்தில் 28 கண்கள். அப்படியானால் ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை? 784! காற்றும் வாயுவும் உள்ளே வரும். உள்ளே தீப்பிடித்தாலும், கம்பி வெப்பத்தை உறிஞ்சிவிடுவதால் வெளியே உள்ள வாயு பற்றாது. வகுப்பில் நான் எரியும் மெழுகுவத்தி மீது உலோக டீ வடிகட்டியைப் பிடித்துக் காட்டுவேன். சுடர் வலைக்கு மேலே வரவே வராது. (நீங்கள் தனியாகச் செய்து பார்க்காதீர்கள்!)

இன்னொரு நன்மையும் கிடைத்தது. வாயு அதிகமானால் சுடர் நீண்டு, நீலம் படரும். 'வெளியேறு' என்பதற்கு அதுவே அடையாளம்.

டேவி இதற்குக் காப்புரிமை கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அதே சமயத்தில் ஜார்ஜ் ஸ்டீபன்சனும் ஒரு விளக்கு செய்திருந்ததால், யார் முதலில் என்று பெரிய சண்டையே நடந்தது. அது போகட்டும். வருத்தமான விஷயம் ஒன்று உண்டு. டேவியின் விளக்கில் வெளிச்சம் குறைவு. வலை துருப்பிடித்துக் கிழிந்தால் ஆபத்து. விளக்குதான் இருக்கிறதே என்று, வாயு மிகுந்த ஆழமான இடங்களிலும் முதலாளிகள் ஆட்களை இறக்கினர். விபத்துகள் தொடர்ந்தன.

டேவி 1829ல் ஜெனீவாவில், 50 வயதில் காலமானார். பென்சான்ஸ் கடைவீதியில் அவருக்குச் சிலை இருக்கிறது. அவர் கைக்குக் கீழே அந்த விளக்கும் இருக்கிறது.