பதவியும் பணியும்

கரிசல் நிலத்து வணிக நகரான விருதுநகரில் 1903ஆம் ஆண்டு சூலை 15ஆம் நாள் குமாரசாமி, சிவகாமி இணையருக்கு மகனாகப் பிறந்தவர் காமராசர். இளமையிலேயே தந்தையை இழந்ததால் ஆறாம் வகுப்போடு அவரது படிப்பு நின்றது. மாமனின் துணிக்கடையில் வேலை பார்த்த அவரை விடுதலைப் போராட்டம் ஈர்த்தது. 1930இல் உப்புச் சத்தியாகிரகத்தில் பங்கேற்றுச் சிறை சென்றார்.

முழுமையாகப் பணியாற்ற இயலாத பதவியை ஏற்றல் தகாது என்பது அவர்தம் கொள்கை. 1941இல் சிறையிலிருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; விடுதலையானதும் அப்பதவியைத் துறந்தார்.

1954இல் முதலமைச்சரானபோது, வறுமையால் தாம் இழந்த கல்வியைப் பிற பிள்ளைகள் இழக்கலாகாது எனக் கருதினார். மூடப்பட்ட பள்ளிகளைத் திறந்தார். 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கொள்கைக்கு அவர் தந்த விலையோ பெரிது. அவருடைய தாயார் விருதுநகரின் எளிய வீட்டிலேயே வாழ்ந்தார். அவ்வீட்டிற்கென நகராட்சி தனியே அமைத்த குடிநீர்க் குழாயையும் ஊரார்க்கில்லாச் சலுகை எனக் கூறி அகற்றச் செய்தார் என்பர்.

1963 அக்டோபர் 2ஆம் நாள், கட்சிப் பணிக்காக முதலமைச்சர் பதவியையும் தாமே துறந்தார். 1957, 1962 தேர்தல்களில் சாத்தூர்த் தொகுதியில் வென்ற அவர், 1967இல் சொந்த ஊரான விருதுநகரிலேயே தோல்வியுற்றார். அப்போதும் மக்கள் தீர்ப்பை மதித்துப் பொதுப்பணியைத் தொடர்ந்தார்.

1975 அக்டோபர் 2ஆம் நாள் மறைந்தபோது தமக்கெனச் செல்வம் ஏதும் அவர் சேர்த்திருக்கவில்லை. மறு ஆண்டு நாடு அவருக்குப் பாரத ரத்னா விருதளித்தது. ஒருவர் கொண்ட கொள்கையின் உறுதி, அதன்பொருட்டு அவர் விட்டுக்கொடுத்தவற்றால் அறியப்படும் என்பதற்குக் காமராசர் வாழ்வே சான்று.