அணுவை நம்பிய அறிஞர்

வேனிற்காலத்தில் மண்பானைத் தண்ணீர் தானாகக் குளிர்கிறது. நீர் கொதிக்க 100 பாகை வெப்பம் வேண்டும் என்று படித்தோம். ஆயினும் கொடியில் போட்ட ஈர வேட்டி அத்தனை வெப்பமின்றியே உலர்ந்துவிடுகிறது. இவ்விரண்டுக்கும் விடை தரும் கணக்கை விரிவாக்கி நிலைநாட்டிய பெருமகனார் லுட்விக் போல்ட்ஸ்மன்.

அவர் 1844-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20-ஆம் நாள் வியன்னா நகரில் பிறந்தார். தந்தையார் வரித்துறை அலுவலர். 15-ஆம் வயதிலேயே அவரை இழந்த போல்ட்ஸ்மன், வியன்னாப் பல்கலைக் கழகத்தில் பயின்று 1866-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 25-ஆம் வயதில் கிராஸ் பல்கலைக் கழகத்தில் பேராசிரியரானார். பெண்களுக்குக் கல்லூரிக் கதவு அடைபட்டிருந்த அந்நாளில், அங்கே கணிதம் பயில விரும்பிய ஹென்றியெட் என்னும் நங்கையை, அனுமதி கேட்டு முறையிடுமாறு ஊக்கினார். 1876-இல் அந்நங்கையே அவருக்கு வாழ்க்கைத் துணைவியானார்.

பொருள்கள் யாவும் நுண்துகள்களால் ஆனவை. அத்துகள்கள் ஓயாமல் அசைகின்றன. திண்மத்தில் அவை தத்தம் இடத்திலேயே நின்று அதிர்கின்றன. நீர்மத்தில் நெருங்கியிருந்தும் நழுவி நழுவி இடம் மாறுகின்றன. வாயுவிலோ எத்திசையும் பறந்து மோதித் திரிகின்றன. சாதாரண அறை வெப்பத்தில் காற்றின் மூலக்கூறு நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சைக்கிள் டியூப் விறைத்து நிற்பது இம்மோதல்களால்தான்.

எல்லாத் துகள்களும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. எவ்வேகத்தில் எத்தனை ஓடும் என்பதற்கு 1860-இல் மாக்ஸ்வெல் ஒரு விதி கண்டார். போல்ட்ஸ்மன் 1868 முதல் அதனை விரிவாக்கினார். நீரிலும் வேகம் மிக்க துகள்கள் மேற்பரப்பை விட்டுப் பறந்துவிடுகின்றன, மெதுவானவை எஞ்சுகின்றன. எனவே எஞ்சிய நீர் குளிர்கிறது. பானையின் இரகசியமும் வேட்டியின் இரகசியமும் இதுவே.

நீரில் விட்ட மைத்துளி பரவுகிறது. மீண்டும் துளியாகக் கூடுவதில்லை. ஏன்? கலந்து கிடக்கும் வகைகள் எண்ணற்கரியன. கூடி நிற்கும் வகைகளோ மிகச் சில. 1877-இல் இவ்வெண்ணிக்கையைக் கொண்டே இயற்கையின் போக்குக்கு அவர் விளக்கம் தந்தார்.

ஆனால் அந்நாளில் அணுவைக் கண்ணால் கண்டவர் எவரும் இலர். புலனுக்கு எட்டாததை உண்மையெனக் கொள்ளலாகாது என்று வியன்னாவிலேயே எர்ன்ஸ்ட் மாக் வாதிட்டார். ஆற்றல் ஒன்றே போதும், அணு வேண்டா என்றார் ஆஸ்ட்வால்ட். 1895-இல் லூபெக் நகரில் கூடிய அறிஞர் அவையில் போல்ட்ஸ்மன் அவரை எதிர்த்து வாதாடினார். எனினும் இருவரும் நண்பர்களாகவே இருந்தனர். 1900-இல் ஆஸ்ட்வால்ட் பணியாற்றிய லைப்சிக் பல்கலைக் கழகத்துக்கே போல்ட்ஸ்மன் சென்றார். 1902-இல் வியன்னா திரும்பினார்.

எதிர்ப்பு மட்டும் அவரை வாட்டவில்லை. பார்வை மங்கிற்று, மூச்சுத் திணறல் வருத்திற்று, மனச்சோர்வு என்னும் நோய் விட்டு விட்டுத் தாக்கிற்று. 1906 செப்டம்பர் 5-ஆம் நாள், குடும்பத்தாருடன் ஓய்வுக்குச் சென்றிருந்த துவினோ என்னும் கடற்கரையூரில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

என்ன கொடுமை! துகள்களின் மோதலால் நீரில் மிதக்கும் நுண்பொடி நடுங்குவதை ஐன்ஸ்டைன் கணக்கிட்டுக் காட்டிய கட்டுரை 1905-லேயே வெளிவந்திருந்தது. 1908-இல் பெரின், மரப்பிசின் துகள்களைக் கொண்டு அக்கணக்கை மெய்ப்பித்தார். ஆஸ்ட்வால்டும் அணுவை ஏற்றார். போல்ட்ஸ்மன் பெயர் தாங்கிய மாறிலியைக் கொண்டே 2019 முதல் வெப்பநிலையின் அலகு வரையறுக்கப்படுகிறது. வியன்னாவில் அவர் கல்லறைமீது, 1877-இன் கருத்து ஒரே சமன்பாடாகப் பொறிக்கப்பட்டுள்ளது.

ஊரையும் உற்றாரையும் விட்டு வந்து பயிலும் தோழர்களே! அவருடைய உறுதியைப் போற்றுவோம். அதனோடு அவர் உற்ற துயரத்தையும் மறவாதிருப்போம். விடுதியில் ஒரு நண்பன் பேச்சைக் குறைத்து, உணவுக் கூடத்துக்கும் வராது அறைக்குள் அடைந்து கிடந்தால், அது செருக்கு என்று எண்ணி ஒதுங்காதீர்கள். கதவைத் தட்டுங்கள், அருகில் அமருங்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நோய் என்றால் அதற்கு மருந்தும் உண்டு.