கையெழுத்தை ஈயத்தில் வார்த்த ஓவியர்

பிரெஞ்சு மொழியைக் கையால் எழுதும்போது எழுத்துக்கள் கைகோத்துக்கொண்டு ஓடும். அச்சில் அவை தனித்தனியே நிற்கும். அந்த அச்சு எழுத்தையும் துள்ளி ஓடவைத்தார் ஓர் ஓவியர். அவர் பெயர் ரோஜே எக்ஸ்கொபோன்.

சட்டமா, ஓவியமா?

பிரான்சின் தென்கரையில் மார்சேல்ஸ் துறைமுகம் இருக்கிறது. எக்ஸ்கொபோன் 1910-ம் ஆண்டு அங்கே பிறந்தார். சட்டம் படித்தார். ஆனால் வக்கீல் தொழிலுக்குப் போகவில்லை. ஓவியம் பயிலப் பாரிஸ் நகருக்குச் சென்றார்.

அவருடைய மைத்துனர் மார்செல் ஆலிவ், மார்சேல்சில் அச்சு எழுத்து வார்க்கும் தொழிற்சாலை நடத்திவந்தார். அது சிறியது. பாரிஸ் நகரின் பெரிய நிறுவனத்தோடு அது போட்டி போடவேண்டியிருந்தது. புதுமை ஒன்றே வழி. இரண்டாம் உலகப்போருக்குப் பின், புது எழுத்துக்களை வரையும் பொறுப்பை எக்ஸ்கொபோன் ஏற்றார்.

ஒட்டுத் தெரியக்கூடாது

கையெழுத்தை அச்சாக்குவது எளிதன்று. ஒவ்வோர் எழுத்தும் தனி ஈயத் துண்டு. எதற்குப் பக்கத்தில் எது வந்தாலும் கோடு அறுந்துபோகக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே அளவாகச் செய்தால் ஒட்டிக்கொள்ளும். ஆனால் காப்பி நோட்டு எழுத்துப்போல விறைத்து நிற்கும்.

எக்ஸ்கொபோன் தம் சொந்தக் கையெழுத்தையே மாதிரியாக வைத்துக்கொண்டார். சில எழுத்துக்களை ஏற்றினார். சிலவற்றை இறக்கினார். கோட்டின் பருமனையும் மாற்றினார். முனைகள் மட்டும் சரியாகச் சந்திக்கும்படி செய்தார்.

1953-ல் அந்த எழுத்து வெளிவந்தது. அதற்கு 'மிஸ்ட்ரால்' என்று பெயர். தென் பிரான்சில் வேகமாக வீசும் குளிர்காற்றின் பெயர் அது! பெயருக்கேற்ப, அது கடைப் பலகைகளிலும் விளம்பரங்களிலும் பரவியது.

புகழ் வளர்ந்தது

1955-ல் தூரிகையால் எழுதியது போன்ற 'ஷொக்' என்ற எழுத்தை உருவாக்கினார். 1968-ல் கிரெனோபிள் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் பந்தயத்தின் சின்னத்தை வரைந்தவரும் அவரே.

பின்னர் ஈய எழுத்தின் காலம் முடிந்தது. எக்ஸ்கொபோனும் 1983-ல் காலமானார். ஆனால் மிஸ்ட்ரால் மறையவில்லை. அது கம்ப்யூட்டருக்குள் புகுந்தது. 2011-ல் வெளிவந்த 'டிரைவ்' என்ற அமெரிக்கப் படத்தின் தலைப்பும் அந்த எழுத்தில்தான் வந்தது.

எழுதிய கை ஓய்ந்துவிட்டது. அதன் எழுத்தோ, அவரை அறியாதவர்களின் கடிதங்களிலும் கடைப் பலகைகளிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.