39 வயசுல நர்ஸ் ஆன டீச்சர்

 

நம்ம பள்ளியில் ஜே.ஆர்.சி. பிள்ளைகள் சிவப்பு சிலுவை போட்ட பேட்ஜ் குத்தியிருப்பதைப் பார்த்திருப்பீங்க. ஜே.ஆர்.சி. என்றால் இளம் செஞ்சிலுவைச் சங்கம். அந்தச் செஞ்சிலுவைச் சங்கத்தை அமெரிக்காவில் தொடங்கியவர் யார் தெரியுமா? கிளாரா பார்ட்டன் என்ற ஒரு டீச்சர்!

இவர் 1821 டிசம்பர் 25 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்த் ஆக்ஸ்போர்டு என்ற ஊரில் பிறந்தார். வீட்டில் கடைக்குட்டி. ரொம்பக் கூச்ச சுபாவம். இவருக்கு 11 வயசு இருக்கும்போது அண்ணன் டேவிட் கூரையில் இருந்து விழுந்து படுத்த படுக்கை ஆகிவிட்டார். டாக்டர்களே கைவிட்டாங்க. கிளாராதான் இரண்டு வருஷம் பக்கத்திலேயே இருந்து மருந்து கொடுத்துப் பார்த்துக்கிட்டார். அண்ணன் பிழைத்து எழுந்தார்.

ஆனால் கிளாரா உடனே நர்ஸ் ஆகவில்லை. 17 வயதில் டீச்சர் ஆனார். 1852-ல் நியூஜெர்சி மாநிலம் போர்டன்டவுனில் இலவசப் பள்ளி தொடங்கினார. முதலில் வந்தது 6 பிள்ளைகள்தான். ஒரே வருஷத்தில் நூற்றுக்கணக்கில் சேர்ந்தாங்க. ஊரில் பெரிய கட்டிடமும் கட்டினாங்க. ஆனால் தலைமை ஆசிரியராக ஒரு ஆணை, இவரைவிட அதிகச் சம்பளத்துக்கு வைத்தாங்க. பள்ளியை வளர்த்தது ஒருத்தர், நாற்காலி இன்னொருத்தருக்கா? மனசு உடைந்து அந்த வேலையை விட்டார். வாஷிங்டனில் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க் ஆனார்.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வந்தது. அப்போது அவருக்கு வயசு 39. பால்டிமோர் ஊரில் கலவரத்தில் அடிபட்ட ராணுவ வீரர்கள் ரயிலில் வாஷிங்டன் வந்து சேர்ந்தாங்க. கிளாரா ஓடிப்போய்ப் பார்த்தால், அதில் சில பேர் அவரிடம் படித்த பிள்ளைகள்! வீட்டில் இருந்த துணி, சாப்பாடு எல்லாம் எடுத்துப் போய்க் கொடுத்தார். அன்றைக்குத்தான் அவர் வாழ்க்கை மாறியது.

முறையான நர்ஸ் பயிற்சி எதுவும் அவர் படிக்கவில்லை. போர்க்களத்துக்குப் பெண் போகக் கூடாது என்றாங்க. விடாமல் கேட்டுக் கேட்டு 1862 ஆகஸ்டில் அனுமதி வாங்கினார்.

1862 செப்டம்பர் 17, ஆண்டிட்டம் போர். அந்த ஒரே நாளில் செத்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் என்று இரண்டு பக்கமும் சேர்த்துச் சுமார் 23,000 பேர். கட்டுப்போடத் துணி இல்லாமல் டாக்டர்கள் மக்காச்சோளக் கதிரின் தோலை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாங்க. அங்கே கிளாரா வண்டி நிறையத் துணியும் மருந்தும் கொண்டுபோய் இறக்கினார். ராத்திரி வேலை பார்க்க லாந்தர் விளக்கு கூட மறக்கவில்லை. ஒரு வீரருக்குத் தண்ணீர் கொடுக்கும்போது ஒரு குண்டு அவர் சட்டைக் கையைத் துளைத்து அந்த வீரர் மேல் பாய்ந்தது. அவர் இறந்துவிட்டார். கிளாரா அடுத்தவரிடம் போனார்.

போர் முடிந்த பிறகு காணாமல் போன வீரர்களைத் தேடினார். 22,000 பேருக்கு மேல் என்ன ஆனார்கள் என்று கண்டுபிடித்து அவங்க குடும்பத்துக்குச் சொன்னார். 1881-ல், 59 வயதில், அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தைத் தொடங்கினார். 1912-ல் தன் 90-வது வயதில் காலமானார்.

11 வயசில் அண்ணனிடம் கற்றது 28 வருஷம் கழித்து உதவியது. டீச்சராக இருந்த வருஷங்களும் வீண் போகவில்லை. அந்தப் பிள்ளைகள்தானே அவரைப் புது வேலைக்கு இழுத்து வந்தாங்க!

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எங்க சித்திக்கு 36 வயசு. பாட்டி கடைசியில் படுக்கையில் கிடந்தப்போ சித்திதான் எல்லாம் பார்த்தாங்க. இப்போ நர்ஸ் உதவியாளர் பயிற்சிக்குப் போகணும் என்கிறாங்க. இந்த வயசில் எதுக்கு என்று வீட்டில் எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். இந்தக் கட்டுரையை முதலில் சித்திகிட்டதான் படிச்சுக் காட்டினேன். அவங்க விண்ணப்பத்தையும் நான்தான் நிரப்பிக் கொடுத்தேன்.



– 9-ஆம் வகுப்பு மாணவி