இயந்திரத்திற்கு எல்லை கேட்ட நார்பர்ட் வீனர்

தாமே இலக்கைத் தேர்ந்து தாக்கும் படைக்கலங்களைப் பற்றி நாடுகளின் தூதர்கள் 2014-இல் ஜெனிவாவில் கூடிப் பேசத் தொடங்கினர். அவ்வச்சத்தை அறுபது ஆண்டுகளுக்கும் முன்பே உணர்ந்த கணித மேதை நார்பர்ட் வீனரை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

1894-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பிறந்த அவர், 18-ஆம் அகவையிலேயே ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது, பறந்துவரும் பகை விமானம் அடுத்து எங்கிருக்கும் என முன்கணித்துப் பீரங்கியைத் திருப்பும் முறையை ஆராய்ந்தார். தன் செயலின் விளைவறிந்து தன்னையே திருத்திக்கொள்ளும் இயந்திரம் பற்றிய எண்ணம் அவ்வாய்வில் முதிர்ந்து, 1948-இல் 'சைபர்நெடிக்ஸ்' என்னும் நூலாயிற்று.

ஹிரோஷிமாவின் அழிவு அவரை உலுக்கியது. ஏவுகணை ஆய்வாளர் ஒருவர் அவருடைய போர்க்காலக் கட்டுரையின் படியொன்றைக் கேட்டபோது தர மறுத்தார். அம்மறுப்பு மடல் 1947-இல் இதழிலும் வெளிவந்தது. படைத்துறைப் பணம் ஆய்வகங்களில் பெருகிய அந்நாளில் இஃது எளிய செயலன்று. 1949-இல் மோட்டார்த் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ராய்தருக்கு எழுதி, தானியங்கி ஆலைகளால் பெரும் வேலையிழப்பு நேருமென எச்சரித்தார். அவர் அஞ்சிய விரைவில் அது வரவில்லைதான். எனினும் இயந்திர அறிவை வளர்த்தவரே தொழிலாளர் பக்கம் சென்று நின்றது நம்மை வியக்க வைக்கிறது.

1955–56-இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்திலும் தங்கிப் பணியாற்றிய வீனர், 1964 மார்ச் 18 அன்று ஸ்டாக்ஹோமில் மறைந்தார்.