லண்டனின் ஸ்டார் செஃப், டப்ளினின் பஞ்ச சூப்... யார் இந்த அலெக்சிஸ் சோயர்?

சூப்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? ஹோட்டல்ல ஆர்டர் பண்ணினது வர்றதுக்கு முன்னாடி குடிக்கிற ஒரு சின்ன கிண்ணம், அவ்வளவுதானே? 1847-ல் டப்ளின் நகரத்தில் ஆயிரக்கணக்கான மக்களுக்கு அந்தக் கிண்ணம்தான் சாப்பாடே. அதுக்கு ரெசிபி எழுதினவர், அப்போ லண்டன்லயே பெரிய செஃப். ஆனா, அந்த ரெசிபியில ஒரு பெரிய ஓட்டை இருந்தது.

அவர் பேர் அலெக்சிஸ் சோயர். 1810-ல் பிரான்ஸின் மோ என்ற ஊர்ல பிறந்தவர். டீன் ஏஜ்லயே பாரிஸ் சமையலறைகளுக்குள்ள நுழைஞ்சுட்டார். 1831-ல் லண்டன் போனார். 1837-ல் அரசியல் புள்ளிகள் கூடுற ரிஃபார்ம் கிளப்பின் தலைமை செஃப். அடுத்த வருஷம் விக்டோரியா ராணி முடிசூடின அன்னிக்கு, 2,000 பேருக்கு காலை விருந்து கொடுத்து அசத்தினார். 1841-ல் கிளப்புக்குப் புதுக் கட்டடம் வந்தப்போ கேஸ் அடுப்பு வெச்ச ஒரு சமையலறையை வடிவமைச்சார். அதைச் சுத்திப் பார்க்கவே ஆட்கள் வருவாங்களாம்!

பஞ்சம் கூப்பிட்டது

1845-ல் இருந்து அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் அழிச்சுது. அங்கே ஏழைகளுக்கு உருளைக்கிழங்குதான் மூணு வேளைச் சாப்பாடு. அது போச்சுன்னா எல்லாமே போச்சு. 1847 தொடக்கத்தில், குறைஞ்ச செலவுல சூப் செய்யுற வழியை சோயர் பத்திரிகையில எழுதினார். அரசாங்கம் அவரை டப்ளினுக்கு அனுப்பிவெச்சது.

ஏப்ரல் 5, 1847. பலகையும் கித்தானும் வெச்சுக் கட்டின கூடாரம். நடுவுல 300 கேலன் கொதிகலன். நீள மேஜைகள்ல குழி வெட்டி, கிண்ணங்களைப் பதிச்சிருந்தாங்க. ஸ்பூன் சங்கிலியில கட்டியிருந்தது. மணி அடிச்சா 100 பேர் உள்ளே வரணும். குடிச்சுட்டு, மறுபடி மணி அடிச்சா ஒரு துண்டு ரொட்டியை வாங்கிட்டு வெளியே போகணும். அடுத்த 100 பேர் காத்திருப்பாங்க. இப்படி ஒரே நாள்ல 8,000 பேருக்கு மேலயும் சூப் கொடுக்க முடிஞ்சது.

திறப்பு விழா அன்னிக்கு இன்னொரு விஷயமும் நடந்துச்சு. ஏழைங்க சாப்பிடுறதை நின்னு பார்க்க, பணக்காரங்க ஆளுக்கு அஞ்சு ஷில்லிங் நன்கொடை கொடுத்து உள்ளே வந்தாங்க. மிருகக்காட்சி சாலையானு பத்திரிகைகள் காய்ச்சி எடுத்தது நியாயம்தானே?

ஓட்டை எங்கே?

சோயரின் கணக்கைப் பாருங்க. 2 கேலன் தண்ணி, அதாவது சுமார் 9 லிட்டர். அதுல போட்ட கறி கால் பவுண்டு, சுமார் 113 கிராம். கூடவே வெங்காயம், டர்னிப், மாவு, பார்லி, கொஞ்சம் கொழுப்பு, உப்பு. 250 மில்லி கிண்ணத்துல ஊத்தினா 36 கிண்ணம் வரும். கிண்ணத்துக்கு 3 கிராம் கறி! ஒரு நாளைக்கு ஒருவேளை இதை வயிறு நிறையக் குடிச்சு, ஒரு பிஸ்கட்டும் சாப்பிட்டா ஆள் தெம்பா இருக்கலாம்னு சோயர் சொன்னார். மருத்துவ இதழான லான்செட் அதை ஒத்துக்கலை. வயிறு நிறையறது வேற, உடம்புக்குச் சத்து சேர்றது வேற என்பதுதான் மருத்துவர்களின் வாதம்.

ஆனா, ஒண்ணு. கொதிகலன் வெச்சு மொத்தமா சூப் கொடுக்கிற முறை அயர்லாந்து முழுக்க நடந்துச்சு. அந்த ஜூலையில தினமும் 30 லட்சம் பேர் வரைக்கும் அதுல சாப்பிட்டாங்க. சில மாசத்துலயே அரசாங்கம் அதை நிறுத்திடுச்சு. பஞ்சம் மட்டும் நிக்கலை. மொத்தமா சுமார் 10 லட்சம் பேர் இறந்துபோனாங்க. தண்ணியான சூப்பைவிட, அந்த சூப்பும் இல்லாமப் போனதுதான் பெரிய கொடுமை.

கொட்டாதீங்க அந்தத் தண்ணியை!

1855-ல் கிரீமியா போர். சோயர் தானா முன்வந்து, ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் வேலை பார்த்த ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். அங்கே கறியை இறுக்கமா கட்டி வேகவெச்சதால உள்ளே வேகவே இல்லை. வேகவெச்ச தண்ணியை வேற கீழே கொட்டிக்கிட்டு இருந்தாங்க! சோயர் அதை மாத்தினார். கட்டைத் தளர்த்தினார், அந்தத் தண்ணியையே சூப் ஆக்கினார், சிப்பாய்களுக்குச் சமைக்கக் கத்துக்கொடுத்தார். கொஞ்சம் விறகுலயே எரியுற ஓர் அடுப்பையும் உருவாக்கினார். பிரிட்டிஷ் ராணுவம் 20-ம் நூற்றாண்டின் பிற்பகுதி வரைக்கும் அந்த அடுப்பை வெச்சிருந்தது.

1858-ல், 48 வயசுல சோயர் லண்டன்ல இறந்தார். கென்சல் கிரீன் கல்லறைத் தோட்டத்துல, அவருக்கு முன்னாடியே இறந்துபோன ஓவியரான மனைவி எம்மா பக்கத்துல அவரைப் புதைச்சாங்க.

நீங்களும் செய்யலாம்

சோயர் சூப்போட சத்தான சொந்தக்காரன், ஸ்காட்லாந்தின் ஸ்காட்ச் பிராத். நாலு பேருக்கு, 300 கிராம் எலும்போட மட்டனை ஒன்றரை லிட்டர் தண்ணியில போட்டு, சின்ன தீயில ஒரு மணி நேரம் வேகவிடுங்க. மேல வர்ற நுரையை எடுத்துடுங்க. ரெண்டு மணி நேரம் ஊறவெச்ச அரை கப் பார்லியைச் சேர்த்து, இன்னும் அரை மணி நேரம். அப்புறம் பொடியா நறுக்கின வெங்காயம், கேரட், டர்னிப், கொஞ்சம் முட்டைக்கோஸ். 20 நிமிஷத்துல கஞ்சி பதத்துக்கு வந்துடும். தண்ணி சுண்டிட்டா வெந்நீர் ஊத்திக்கோங்க. உப்பு, மிளகுத்தூள் கடைசியில. சைவம்னா மட்டனுக்குப் பதிலா, ராத்திரியே ஊறவெச்ச காய்ஞ்ச பட்டாணி ஒரு கப் போடுங்க.

கூட ரெண்டு பேர் சாப்பிட வந்துட்டாங்களா? தண்ணி ஊத்தும்போது, மறக்காம பார்லியையும் பட்டாணியையும் சேர்த்துக் கூட்டுங்க!